பத்து ரூபாய்க் காசும் நானும்

எங்கள் கும்பகோணத்தில் யார் வேண்டுமானாலும் இதைச் செய்து பார்க்கலாம். சட்டைப் பையிலிருந்து ஒரு பத்து ரூபாய்க் காசை எடுத்து மருந்துக் கடையின் கண்ணாடி மேஜைமேல் வையுங்கள். கடைக்காரர் அதைக் கையில் எடுக்கக்கூட மாட்டார். ஒரு விரலால் மெதுவாக உங்கள் பக்கமே தள்ளிவிடுவார். கோபம் கிடையாது, வாக்குவாதம் கிடையாது. "நோட்டா குடுங்க சார்." அவ்வளவுதான். டீக்கடையில் என்றால் இன்னும் சுருக்கம், தலையை மட்டும் ஆட்டுவார்கள்.

அதே காசைச் சென்னையில் என் மகன் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் கொடுத்தால் வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டு அடுத்த ஆளைப் பார்க்கிறார் கடைக்காரர். ஒரு ராத்திரி ரயில் பயணம்தான் நடுவில். அதற்குள் காசுக்கு என்ன ஆகிவிடுகிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

"ஏன் வாங்க மாட்டேன் என்கிறீர்கள்?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்கள். "செல்லாதாம் சார்." அந்த 'ஆம்' இருக்கிறதே, அது பொல்லாதது. 'செல்லாது' என்று சொன்னால், யார் சொன்னது, எந்த உத்தரவு, எந்தத் தேதி என்று கேட்கலாம். 'செல்லாதாம்' என்பவரிடம் என்ன கேட்பது? அவர் சொல்லவில்லை. அவருக்கு யாரோ சொன்னது. அந்த யாரோவுக்கு இன்னொரு யாரோ. 

என்னைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் என்று புரியும். 1976இல் வங்கியில் சேர்ந்து 2013இல் ஓய்வு பெற்றேன். பெரும்பாலான வருஷங்கள் கேஷ் கவுண்டரில். ஆறு மூலை அலுமினிய மூன்று பைசா, தாமரைப் பூ போட்ட பித்தளை இருபது பைசா, ஓரம் அலையலையாக வளைந்த பத்து பைசா எல்லாம் என் விரல் வழியாகப் போனவை. 2011 ஜூன் 30ஆம் தேதி முதல் 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் செல்லாது என்று அரசாங்கம் அறிவித்தபோது நான் சீட்டில் இருந்தவன். முன்கூட்டியே அறிவிப்பு வந்தது, 29ஆம் தேதி வரை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள், ஜனங்கள் மஞ்சள் பையில் கட்டிக்கொண்டு வந்தார்கள், எண்ணி வாங்கினோம். 2016 நவம்பர் 8 ராத்திரியும் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆக, ஒரு பணம் செல்லாமல் போனால் அதற்கு ஒரு தேதி உண்டு. பத்து ரூபாய்க் காசுக்கு அப்படி ஒரு தேதி இல்லை. 

காசு 2009இல் புழக்கத்துக்கு வந்தது. 27 மில்லிமீட்டர் குறுக்களவு, 7.71 கிராம் எடை, வெளி வளையம் மஞ்சள், நடுவில் வெள்ளை. 2010இல் நம் தமிழர் உதயகுமார் வரைந்த ரூபாய்ச் சின்னத்தை அரசு ஏற்றுக்கொண்டது. மறு வருஷத்திலிருந்து அது காசிலும் ஏறியது. அதனால் சின்னம் உள்ள காசு, இல்லாத காசு என்று இரண்டு வகை. மேலே சூரியக் கதிர் மாதிரி இருக்கும் கோடுகள் சிலவற்றில் 10, சிலவற்றில் 15. நடுநடுவே தலைவர்கள் படம் போட்ட நினைவுக் காசுகள் வேறு. இதில் யாரோ ஒரு புண்ணியவான் 'பத்துக் கோடு அசல், பதினைந்து கோடு போலி' என்று வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட்டார். ரிசர்வ் வங்கி 2016 நவம்பரில் ஒரு விளக்கம் கொடுத்தது. 2018 ஜனவரியில் மறுபடியும் கொடுத்தது: இதுவரை 14 வடிவங்களில் வெளியிட்டிருக்கிறோம், பதினான்கும் செல்லும் என்று. 14440 என்று ஓர் எண்ணையும் கொடுத்தார்கள். அழைத்தால் பதிவு செய்த குரல் விளக்கம் சொல்லும். 

இங்கே வேடிக்கை என்னவென்றால், எங்கள் ஊரில் காசைத் தள்ளிவிடும் யாரும் கோட்டை எண்ணிப் பார்ப்பதே இல்லை. பத்துக் கோடு காசையும் தள்ளுகிறார்கள். வதந்திக்கு இருந்த காரணமும் உதிர்ந்துபோய், வதந்தி மட்டும் நிற்கிறது. 'நான் வாங்கினால் அடுத்தவன் வாங்க மாட்டான்' என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுகிறார். அந்த அடுத்தவரைத் தேடிப் போனால் அவரும் இன்னொருவரைக் காட்டுவார். ஆனால் நடுவில் செலோ டேப் ஒட்டி, எண்ணெய் ஏறி, காந்தி முகமே தெரியாமல் நைந்துபோன பத்து ரூபாய் நோட்டை அதே ஆட்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறார்கள்! 

சரி, நாமே இதைச் சரி செய்வோம் என்று கிளம்பினேன். ஓய்வு பெற்றவனுக்கு இந்த மாதிரி எண்ணம் எல்லாம் சுலபமாக வரும். வங்கிக்குப் போய், ஆயிரம் ரூபாய் கொடுத்து, நூறு பத்து ரூபாய்க் காசுகள் உள்ள பை ஒன்று கேட்டேன். கவுண்டரில் இருந்தவருக்கு என் கையைப் பிடித்துக் கும்பிடாத குறை. "இன்னும் ரெண்டு பை வேணுமா சார்?" என்றார். 

தினமும் நாலைந்து காசு பையில் போட்டுக்கொண்டு கிளம்புவேன். பேசுவதற்கு வசனமும் தயார். பதினான்கு வடிவம், நாணயச் சட்டம் 2011, ஒரு ரூபாய்க்குக் குறையாத காசுகளை ஒரே தடவையில் ஆயிரம் ரூபாய் வரை கொடுக்கலாம் என்ற பிரிவு வரை மனப்பாடம். மருந்துக் கடையில் சொன்னேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதான் சார், நோட்டு இருக்கா?" என்றார். குளிர்சாதனம் போட்ட பெரிய மளிகைக் கடையில் கல்லாவில் இருந்த பெண், "மேனேஜர் வாங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு அங்கிள்" என்றாள். மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன், அவர் வெளியே போயிருக்கிறார் என்றாள். (அவர் பின்னால் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார் என்பது என் சந்தேகம்.) பஸ்ஸில் கண்டக்டர், "சார், உங்களுக்குப் பின்னாடி நாப்பது பேருக்கு டிக்கெட் போடணும்" என்றார். எல்லா இடத்திலும் நான் பேசினேன், எல்லா இடத்திலும் நோட்டைத்தான் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஓர் இடத்தில் மட்டும் ஜெயித்தேன். அது எங்கள் கீரைக்காரம்மாவிடம்.

அவர் பதினைந்து வருஷமாக எங்கள் தெருவுக்கு வருகிறவர். விடியுமுன் போய்க் கட்டுக் கணக்கில் கீரை எடுத்துக்கொண்டு, ஏழு மணிக்குத் தெரு முனையில் குரல் கொடுப்பார். முளைக்கீரை, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி. துவாதசிக்கு முன்தினம் கேட்காமலே அகத்திக்கீரை வைத்துவிட்டுப் போவார். கட்டு இருபது ரூபாய். முதல் நாள் நான் இரண்டு காசை நீட்டியபோது, "இது வாங்க மாட்டாங்க சார்" என்றார். நான் ஆரம்பித்தேன். பதினான்கு வடிவமும் சொன்னேன். நான் வங்கியில் இருந்தவன், எனக்குத் தெரியாதா என்றேன். அவர் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே கேட்டார். கடைசியில் "சரி சார்" என்று வாங்கிச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார். 

எனக்கு அன்று எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உள்ளே போய் மனைவியிடம், "பார்த்தியா, படிக்காத ஜனங்களுக்கு எடுத்துச் சொன்னா புரியுது, படிச்சவனுக்குத்தான் புரிய மாட்டேங்குது" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். 

அப்புறம் வாரம் இரண்டு தடவை, சில வாரம் மூன்று தடவை, கீரைக்குக் காசுதான். இன்னொன்றும் தோன்றியது, அதையும் அவரிடம் சொன்னேன்: தண்ணீர் தெளித்துத் தெளித்து எப்போதும் ஈரமாக இருக்கும் கை, சுருக்குப் பையில் நோட்டெல்லாம் நனைந்து ஒட்டிக்கொள்ளும், காசு என்றால் அந்தத் தொல்லையே இல்லையே என்று. அதற்கும் "ஆமா சார்" என்றார். 

போன மாதம் ஐந்து நாள் அந்தக் குரல் கேட்கவில்லை. ஆறாம் நாள் வந்தார், ஆள் சற்று இளைத்திருந்தார். கூடையும் பாதிதான் இருந்தது. நான் வழக்கம்போல் இரண்டு காசை எடுத்தேன். அவர் கை நீட்டினார். அதற்குள் என் மனைவி பின்னாலிருந்து வந்து, என் கையில் இருந்த காசை வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டு, ஒரு இருபது ரூபாய் நோட்டை அவரிடம் கொடுத்தாள். தெருவில் வைத்து என்னிடம் அப்படி அவள் நடந்துகொண்டதே கிடையாது. 

உள்ளே வந்ததும் சொன்னாள். "காய்ச்சல்ல ரெண்டு நாள் படுத்துட்டா. இருந்த பணம் ஊசிக்கும் மாத்திரைக்கும் போச்சு. அப்புறம் மூணு நாள் கீரை எடுக்க முதல் இல்ல. வீட்டுல ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய உங்க காசு இருக்கு. அத எடுத்துக்கிட்டுப் போனா கீரை குடுக்கறவன் வாங்க மாட்டேங்கறான். தண்டலுக்கு வாங்கியிருக்கா. காலைல தொள்ளாயிரம் குடுத்து சாயங்காலம் ஆயிரமா வாங்கிட்டுப் போறான்."

எனக்குச் சட்டென்று எதுவும் பேச வரவில்லை. பிறகு, "உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்றேன்.

"பாட்டில்ல போட்டு வைக்கறது முதல்லேர்ந்தே தெரியும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா பதினாலு டிசைன்னு ஆரம்பிப்பீங்க."

மறுநாள் அவர் வந்ததும் அந்தப் பாட்டிலை எடுத்து வரச் சொன்னேன். "பரவால்ல சார், இருக்கட்டும்" என்றார். மனைவி சொன்ன பிறகுதான் அடுத்த நாள் கொண்டுவந்தார். திண்ணையில் உட்கார்ந்து இருவருமாக எண்ணினோம். 73 காசு. 730 ரூபாய். அவர் ஒரு நாளைக்குக் கீரை எடுக்கும் முதல் கிட்டத்தட்ட அவ்வளவுதானாம். எல்லாமே நான் கொடுத்தது என்று சொல்ல முடியாது. ஆனால் பாதிக்கு மேல் என் கை பட்டதாகத்தான் இருக்கும். பல காசுகள் பை பிரித்த மினுமினுப்புக் குறையாமல் இருந்தன. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகவே இல்லையே, எப்படிக் குறையும்?

"ஏம்மா, என்கிட்டயே திருப்பிக் குடுத்திருக்கலாமே?" என்று கேட்டேன். 

"எப்படி சார் குடுக்கறது? நீங்க கோவிச்சுக்கிட்டு வேற ஆள்கிட்ட கீரை வாங்கிட்டா?"

அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. மழை வந்தால் கீரை அழுகும் என்பது மாதிரித்தான் சொன்னார். எனக்குத்தான் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. நான் அவருக்குப் புரிய வைத்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவருக்குப் புரிய வைக்க எதுவுமே இருக்கவில்லை. காசு செல்லும் என்பது அவருக்கும் தெரியும், கீரைக் கொல்லைக்காரர் வாங்க மாட்டார் என்பதும் தெரியும். இரண்டாவதுதான் அவருக்கு முக்கியம். என்னிடம் இல்லை என்று சொல்ல அவரால் முடியாது, மருந்துக் கடைக்காரரால் முடியும். அவ்வளவுதான் வித்தியாசம். நான் ஜெயித்ததாக நினைத்த அந்த ஒரே இடத்தில் என்னை எதிர்த்துப் பேச ஆள் இல்லை. 

730 ரூபாயை நோட்டாகக் கொடுத்தேன். தண்டலுக்குப் போன வட்டியையும் சேர்த்துக் கொடுக்கப் பார்த்தேன். "அது என் கணக்கு சார்" என்று திருப்பி வைத்துவிட்டார். அன்றைக்கு ஒரு கட்டு மணத்தக்காளி சும்மா வைத்துவிட்டு வேறு போனார். அதை நான் எப்படிச் சாப்பிட்டேன் என்று கேட்காதீர்கள்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். காசு கொடுப்பதற்குக் கும்பிடாத குறையாக இருந்த அதே கிளை. இப்போது கவுண்டரில் ஒரு சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் இருக்கலாம். "சார், காயின் இன்னிக்கு எடுக்க முடியாது, இன்னொரு கேஷியர் லீவு" என்றாள். எனக்குச் சுர்ரென்றது. வங்கிக் கிளைகள் எல்லாம் காசை வாங்கத்தான் வேண்டும், வாடிக்கையாளர் கணக்கில் போட வரம்பே கிடையாது என்று ரிசர்வ் வங்கி எத்தனை தடவை சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது! கொடுக்கும்போது நல்ல காசு, வாங்கும்போது கேஷியர் லீவா? ஊரில் காசு ஓடாததற்குக் காரணம் டீக்கடைக்காரர் இல்லை, இந்தக் கவுண்டர்தான். இங்கே தயங்காமல் வாங்கினால் மளிகைக் கடை வாங்கும், மளிகைக் கடை வாங்கினால் கொல்லைக்காரர் வாங்குவார். வாயைத் திறந்தேன். 

திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் இருபது பேர். முதியோர் உதவித்தொகைக்கு வந்த பாட்டிகள், நகைக் கடனுக்கு வட்டி கட்ட வந்தவர்கள். உள்ளே ஐந்து நாற்காலியில் மூன்று காலி. அந்தப் பெண்ணின் மேஜையில் டிபன் பாக்ஸ் திறக்காமல் இருந்தது. மணி இரண்டேகால்.

எனக்கு 1984 ஞாபகம் வந்துவிட்டது. நான் அப்போது வேறு ஊரில், சின்னக் கிளையில். சினிமாக் கொட்டகை வாசலில் வறுத்த கடலை விற்கும் ஒருவர் அஞ்சு பைசாவும் பத்து பைசாவுமாக ஒரு துணிப் பையில் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். ஐம்பது, அறுபது ரூபாய் இருக்கும். அன்று மாதக் கடைசி, எனக்குக் கணக்கு நேராகவில்லை, அதற்கு மேல் தலைவலி. "இப்ப முடியாது, வெள்ளிக்கிழமை வாங்க" என்றேன். அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை வந்திருக்கிறார், அன்று நான் லீவு. எனக்குப் பதிலாக உட்கார்ந்தவர் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை அவர் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. கடலை வறுக்க அவர் என்ன முதலை வைத்துச் சமாளித்தார் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. நாற்பது வருஷம் கழித்து அந்த வரிசையில் நிற்கும்போதுதான் யோசித்தேன். 

அந்தப் பெண்ணிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், ஆனால் அவளிடம் இல்லை. "எப்ப வந்தா வசதிம்மா?" என்று மட்டும் கேட்டேன். "நூறு நூறா எண்ணி பாக்கெட் போட்டு, காலைல பத்தரைக்குள்ள வாங்க சார், எடை பார்த்து எடுத்துக்கறேன்" என்றாள். நூறு காசு 771 கிராம். அந்தக் கணக்கு சரியாக வரும் என்று எனக்கும் தெரியும். என்னிடம் பையில் மிச்சம் இருந்த காசிலிருந்து 27 எடுத்துச் சேர்த்து, நூறாக்கி, மறுநாள் பத்து மணிக்கே போய்விட்டேன். தராசில் வைத்தாள், வாங்கிக்கொண்டாள், என் கணக்கில் ஆயிரம் ரூபாய் ஏறியது. ஐந்து நிமிஷ வேலை.

கிளை மேலாளருக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தேன். வாரத்தில் ஒரு நாளாவது காலையில் காசுக்கென்று ஒரு கவுண்டர் வையுங்கள், வாசலில் அதைத் தமிழில் எழுதிப் போடுங்கள், தெருவில் விற்பவர்கள் முப்பது நாற்பது காசாகக் கொண்டுவந்தாலும் நூறு ஆகும்வரை காத்திரு என்று சொல்லாமல் வாங்குங்கள் என்று. பார்க்கிறேன் என்றிருக்கிறார். நினைவூட்டுக் கடிதம் எழுத எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.

என் கருத்து மாறிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். காசு செல்லும். வாங்க மறுப்பது தப்பு. கல்லாவில் குளிர்காற்று வீசும் கடை மறுத்தால் அங்கே நின்று வாதாட நான் இன்றைக்கும் தயார், மேனேஜர் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்தாலும் சரி. அங்கே அவர் காசை வாங்கினால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தினமும் வங்கிக்கு ஆள் அனுப்புகிறவர், ஒரு பாக்கெட் காசும் சேர்த்து அனுப்பலாம். பெட்ரோல் பங்க், ஓட்டல், துணிக்கடை எல்லாம் அப்படித்தான். பென்ஷன் வாங்கும் நாமும் அப்படித்தான். நம் கையில் நூறு காசு ஒரு மாதம் முடங்கினால் நமக்கு ஒன்றும் ஆகாது. கீரைக் கூடையில் முடங்கினால் மறுநாள் அடுப்பு எரியாது. அதனால் காசைப் புழக்கத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று கிளம்புகிறவர்கள் பெரிய கல்லாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் தலைகீழாக ஆரம்பித்தேன். பெரிய கல்லாவில் தோற்ற கோபத்தைச் சுருக்குப் பையில் கொண்டுபோய்ப் போட்டேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். வேலையில் இருந்தபோது நாம் சொன்னது சரியா தப்பா என்று பார்க்க மேலே ஆள் இருந்தார்கள், கணக்கு நேராகாவிட்டால் சாயங்காலமே தெரிந்துவிடும். ஓய்வு பெற்ற பிறகு, சரியாக இருப்பது ஒன்றுதான் நமக்கு மிச்சம் இருக்கும் உத்தியோகம் என்று ஆகிவிடுகிறது. பேப்பரில் எழுத்துப் பிழை, பால் பாக்கெட்டில் தேதி, ஆட்டோக்காரர் கேட்ட பத்து ரூபாய், எல்லாவற்றிலும் நாம் சரி. என் நண்பர்கள் பாதிப் பேர் இப்படித்தான். காலையில் காந்தி பூங்காவில் கூடினால் ஒருவருக்கொருவர் தாங்கள் யாரிடம் எப்படிச் சரியாகப் பேசினோம் என்பதைத்தான் சொல்லிக்கொள்கிறோம். கேட்டவர் என்ன ஆனார் என்று அந்தக் கதைகளில் வருவதே இல்லை.

கீரைக்காரம்மாவின் பேரன் இப்போது கூடைப் பக்கத்தில் ஓர் அட்டையைக் கட்டி விட்டிருக்கிறான், கட்டம் கட்டமாக இருக்குமே, அது. தெருவில் பாதிப் பேர் போனைக் காட்டிப் பணம் அனுப்புகிறார்கள். எனக்கு அது வராது. இருபது ரூபாய் நோட்டாகவே கொடுக்கிறேன்.

செய்தி எப்படியோ தெருவில் பரவிவிட்டது. முதலில் பூக்காரம்மா வந்து, "சார், நீங்க இத மாத்திக் குடுக்கறீங்களாமே" என்று ஆறு காசை நீட்டினார். அடுத்து இஸ்திரிக்காரர், பதினொன்று. எதிர்வீட்டில் குழந்தையின் உண்டியலை உடைத்து இருபத்திரண்டு கொண்டுவந்தார்கள். வாங்கி, நோட்டுக் கொடுத்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைக்கிறேன். (பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன், அவரும் கேட்கவில்லை.) நூறு சேர்ந்தால் பாக்கெட் போட்டு, காலை பத்து மணிக்கு அந்தப் பெண்ணிடம் போவேன். இதுவரை இரண்டு தடவை போய்விட்டேன். "நம்ம வீடு என்ன ரிசர்வ் பேங்கா?" என்று மனைவி கேட்கிறாள். ஆனால் நான் தூங்கும் மத்தியானங்களில் யாராவது வந்தால் அவளே எண்ணி வாங்கிப் போட்டுவிடுகிறாள். 

இன்று பாட்டிலில் 64 இருக்கிறது. வியாழக்கிழமை சென்னைக்கு மகன் வீட்டுக்குப் போகிறேன். பாதியைப் பையில் எடுத்து வைத்திருக்கிறேன். பக்கத்துக் கடைக்காரர் பாவம், பேசாமல் வாங்கிப் போட்டுக்கொள்வார்.